லீவில் வந்த ஜவானுக்குக் காய்ச்சலா? போஸ்டிங்கை முதலில் சொல்லுங்கள்

குன்னூர்ப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறேன். அதற்கு முன்னால் சில வருடம் ராணுவப் பிரிவு ஒன்றில் மருத்துவ அதிகாரியாக இருந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்வெட்டர், குல்லா, அதற்கு மேல் ஒரு கம்பளி, அப்படியும் உட்கார்ந்திருந்த பெஞ்சே ஆடுகிற அளவுக்கு நடுக்கம். "ஊர்க் குளிர் ஒத்துக்கல டாக்டர், மூணு நாளா மிளகுக் கஷாயம் குடுக்கிறேன்" என்றார். வேறோர் இடத்தில் சளிக்காய்ச்சல் என்று மாத்திரையும் வாங்கியிருந்தார்கள். "தம்பி, எங்கே போஸ்டிங்?" என்று கேட்டேன். திரிபுரா, லீவில் வந்து எட்டு நாள். ரத்தத்தை ஸ்லைடு போட்டுப் பார்த்தால் ஃபால்சிபாரம், அதாவது மலேரியாவில் ஆபத்தான வகை.

இந்த உயரத்தில் மலேரியா அரிது, அதனால்தான் யாருக்கும் நினைவே வருவதில்லை. ஆனால் கொசு கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும், அதற்குள் பையன் ரயிலேறி, பஸ் மாறி, வீட்டுக்கு வந்து கல்யாணம் காட்சி என்று சுற்றிக்கொண்டிருப்பான். முகாமில் இருந்திருந்தால் காய்ச்சல் என்றதும் எம்.ஐ. ரூமுக்கு (யூனிட்டின் மருத்துவப் பரிசோதனை அறை) போயிருப்பான், அன்றைக்கே ரத்தம் பார்த்திருப்பார்கள். ஒரே பாரக்கில் இரண்டு பேருக்கு வந்தால் போதும், சுற்றியிருக்கிற தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா, மருந்து அடித்தார்களா, யார் வலை கட்டாமல் தூங்கினார்கள் என்று எல்லாவற்றையும் கிளறிவிடுவோம். அந்தக் கண்காணிப்பு லீவு பாஸோடு நின்றுவிடுகிறது. அப்புறம் அது வீட்டுக்காரர்கள் கையில்தான்.

இன்னொன்று, வடகிழக்கு மாநிலங்களில் பிடிக்கிற ஃபால்சிபாரத்துக்கு அரசு வழிகாட்டுதலில் உள்ள கூட்டு மருந்து வேறு, நாட்டின் மற்ற பகுதிகளுக்கு வேறு. அங்கே ஒரு பழைய மருந்துக்கு கிருமி பழகிப்போய்விட்டது. ஆகவே எங்கே இருந்தான் என்று தெரியாமல் மருந்து எழுதினால் அதுவே தப்பாகிவிடலாம்.

இந்த மலைக்கு மலேரியா புதிதும் இல்லை. ராணுவ மருத்துவரான ரொனால்ட் ராஸ் 1897-இல் ஊட்டிக்கு வந்து, கீழே சீகூர் மலைப்பாதைப் பக்கம் போனபோது அவருக்கே மலேரியா பிடித்தது. அதே வருடம் ஆகஸ்டில்தான் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல் பர்மா முனையில், காயம்பட்டு அனுப்பப்பட்ட ஒரு சிப்பாய்க்கு நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர், அதில் மலேரியாவுக்குப் பெரிய பங்கு. அங்கிருந்த பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் திடீர் திடீரென்று சோதனை வைத்து, ஆட்கள் மலேரியாவைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரை விழுங்குகிறார்களா என்று பார்த்தார். விழுங்கவைக்காத மூன்று அதிகாரிகளைப் பதவியிலிருந்தே எடுத்தார். மாத்திரை இருந்தது, விழுங்கவில்லை, அதுதான் அன்றைய சிக்கல்.

இன்றும் அதேதான். வைவாக்ஸ் என்கிற இன்னொரு வகை மலேரியா ஈரலுக்குள் பதுங்கிக்கொண்டு மாதக்கணக்கில் கழித்துத் திரும்ப வரும். அதை அழிக்க பிரைமாகுவின் 14 நாள் சாப்பிட வேண்டும் (அதற்கு முன், இந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும் ஜி6பிடி ரத்தப் பரிசோதனை, கர்ப்பிணிகளுக்குக் கூடாது). நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் பசங்க நிறுத்திவிடுகிறார்கள். அம்மாவோ மனைவியோ ஸ்ட்ரிப்பை எண்ணிப் பாருங்கள், தயவுசெய்து.

சரி, எதிர்ப் பக்கமும் உண்டு. லீவில் வந்தவர் தேயிலைத் தோட்டத்தில் புதர் வெட்டப் போய், இங்கிருந்தே உண்ணிக் காய்ச்சலை வாங்கிக்கொண்டு யூனிட்டுக்குத் திரும்புவார். ஸ்க்ரப் டைபஸ் என்பது அதுதான், கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. ஒரு ஹவில்தாருக்கு ஐந்து நாள் காய்ச்சல், தலைவலி, எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். இடுப்பு மடிப்பில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அதனால் அவரே பார்த்திருக்கவில்லை. டாக்ஸிசைக்ளின் கொடுத்து இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. கால தாமதம் ஆகியிருந்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போயிருக்கும்.

காய்ச்சலோடு யார் வந்தாலும் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மூன்றையும் டாக்டரிடம் காட்டுங்கள், கூச்சப்பட வேண்டாம். புதருக்குள் போய்வந்தால் உடனே குளித்து, போட்டிருந்த துணியைத் துவைக்கப் போடுங்கள். ராணுவத்தில் கொடுக்கிற டெப்பா கொசுவிரட்டி பையில் இருந்தால், அதைத் தோட்டத்துக்குப் போகும்போதும் தடவிக்கொள்ளுங்கள். லீவு முடிந்து போன பிறகு காய்ச்சல் வந்தால், ஊரில் தோட்டத்தில் வேலை செய்ததையும் எம்.ஐ. ரூமில் சொல்ல வேண்டும்.