திரிபா, கால்வழியா?

காசநோய் பற்றிய கையேடு ஒன்றில் 'தென்னிந்தியாவில் மிகுந்து காணப்படும் திரிபு' என்ற தொடரை அண்மையில் படித்தேன். ஒரே கிருமிக்குள் மரபால் வேறுபடும் வகையை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெய்ன்' என்பார்கள். அச்சொல் வரும் இடமெல்லாம் திரிபு என்று எழுதிவிடும் இந்த வழக்கம் அலுத்துவிட்டது.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் இருப்பவை இரு வேறு சொற்கள். இழுத்த கம்பியில் ஏற்படும் மாற்றத்தைக் குறிப்பது லத்தீன் வழி வந்தது. அதை இயற்பியல் நூல்கள் திரிபு என்பது பொருத்தமே. உயிரியலில் வழங்குவதோ ஈனுதல், பெறுதல் என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடமாகும்போது னகரம் திரிகிறது. புளிப்புப் பட்டால் பால் திரிகிறது. ஆகவே திரிபு என்றதுமே எதிலிருந்து திரிந்தது என்ற கேள்வி எழும். காசநோய்க் கிருமியின் முழு மரபணுத்தொகை 1998இல் முதன்முதலாக வெளியானபோது படிக்கப்பட்டது எச்37ஆர்வி என்ற ஆய்வக வகை. ஏறத்தாழ 44 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட அத்தொகையோடுதான் பிறவற்றை ஒப்பிடுகிறார்கள். இக்கிருமியை மரபுவழியில் எண்ணிட்ட கிளைகளாகப் பிரிக்கிறார்கள். எச்37ஆர்வி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிகுந்த நான்காம் கிளையைச் சேர்ந்தது. கிழக்காசியாவில் இரண்டாம் கிளையும், மேற்கு ஆப்பிரிக்காவில் ஐந்தும் ஆறும், எத்தியோப்பியாவில் ஏழும், இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளில் முதலாம் கிளையும் காணப்படுகின்றன. தென்னிந்தியாவில் மிகுதி இந்த முதலாம் கிளைதான். 'டிபிடி1' என்ற மரபணுப் பகுதியை அது இன்னும் வைத்திருக்கிறது. இரண்டு, மூன்று, நான்காம் கிளைகளின் பொது மூதாதை அதை இழந்துவிட்டது. இந்த இடத்தில் திரிந்தது அளவுகோலாக வைத்த எச்37ஆர்விதானே தவிர, நம் ஊர்க் கிருமியன்று.

இக்கிருமி பிற கிருமிகளோடு மரபணுக்களை அனேகமாகப் பரிமாறிக்கொள்வதில்லை. தாய்க்கலம் பிளந்து சேய்க்கலமாகும் நேர்வழியிலேயே மரபு இறங்குகிறது. ஆகவே சந்ததி என்ற பொருளில் தமிழில் ஏற்கெனவே உள்ள 'கால்வழி' அதற்குப் பொருந்தும். பல கால்வழிகளை அடக்கிய பெருங்கிளையைக் 'கொடிவழி' எனலாம். வாய்விட்டுப் படித்தால் கால்வலி என்று கேட்கும் என நண்பர் ஒருவர் நகைத்தார். ழகரத்தைக் கைவிட்ட நாவின் குறையைச் சொல்லின் மேல் ஏற்றுவது முறையன்று.

திரிபு என்ற சொல்லை ஒழிக்கச் சொல்லவில்லை. 'ஆர்பிஓபி' மரபணுவில் ஓர் எழுத்து மாறி, கிருமி ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவது உண்மையான திரிபு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டதால்தான் அதே கையேட்டின் அடுத்த பக்கத்தில் 'திரிபு ஏற்பட்ட திரிபுகள்' என்று அச்சாகியிருக்கிறது. 'திரிபு ஏற்பட்ட கால்வழிகள்' என்று எழுதியிருந்தால் ஒரே வாசிப்பில் விளங்கியிருக்கும்.