திரின்காவின் பொம்மைகளுக்கு முகம் மாறுவது எப்படி?

காலி டம்ளர் ஒன்றின் நடுவில் ரப்பர் பேண்டை மாட்டுங்கள். கண் மட்டத்தில் நேராகப் பிடித்தால் அது நேர்க்கோடாகத் தெரியும். டம்ளரின் வாயை உங்கள் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். கோட்டின் இரு முனைகளும் மேலேறிப் புன்னகைபோல் வளையும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் முனைகள் கீழிறங்கி, அழப்போகும் குழந்தையின் உதடு போலாகிவிடும். ரப்பர் பேண்டு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. உருண்டைப் பரப்பில் போட்ட கோட்டை எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்பதுதான் மாறியது.

செக் கலைஞர் யிர்ஷி திரின்கா எடுத்த பொம்மைத் திரைப்படங்களின் உயிர் இந்தச் சின்ன வடிவியலில் இருக்கிறது. 1912இல் பில்சன் நகரில் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே பொம்மலாட்டக் கலைஞர் யோசெஃப் ஸ்குபாவிடம் பழகியவர். அவருடைய பொம்மைகளுக்கு வாய் அசையாது. கண்களில் எந்த உணர்ச்சியும் திட்டவட்டமாக எழுதப்பட்டிருக்காது. தலையைக் கொஞ்சம் திருப்பினால், விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், அதே முகம் சிரிக்கும், வாடும், கனவு காணும். அவரோடு வேலை செய்த பிரெட்டிஸ்லாவ் போயார் இதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜப்பானிய நோ நாடக முகமூடிகளை வைத்து 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது: ஒரே முகமூடியை மேலும் கீழும் சாய்த்தபோது, பார்த்தவர்கள் அதில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டார்கள்.

விளக்கின் பங்கும் பெரியது. உச்சியிலிருந்து ஒளி விழுந்தால் புருவத்தின் நிழல் கண்குழியை மூடி முகத்தை இறுக்கமாக்கும். பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் கன்னம் மலர்ந்து முகம் இளகும். மீதியைப் பார்ப்பவரின் மனம் நிரப்பிக்கொள்கிறது. முந்தைய காட்சியில் சாவைப் பார்த்திருந்தால் இந்த முகத்தில் துயரத்தைப் படிப்போம்; விருந்தைப் பார்த்திருந்தால் பசியை.

உடல் அசைவு வேறு கணக்கு. துணிக்கு உள்ளே மூட்டுகள் கொண்ட எலும்புக்கூடு இருக்கும். அதை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு புகைப்படம், மறுபடி நகர்த்தி இன்னொரு புகைப்படம். திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம். ஒரு நிமிடத்துக்கு 1,440. எண்பது நிமிடப் படம் என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு நிலையையும் இரண்டு பிரேம் எடுத்தாலும் ஐம்பதாயிரம் முறைக்கு மேல் கை வைத்தாக வேண்டும்! எடையைக் காட்டுவதும் இடைவெளியை வைத்துத்தான். கனமான பொருள் மெல்லக் கிளம்பும், எளிதில் நிற்காது. ஆகவே தொடக்கத்தில் நகர்த்தல்கள் மிகச் சிறியவை, பிறகு பெரியவை. செக் புராணத்தில் பிவோய் என்பவன் உயிருள்ள காட்டுப்பன்றியைத் தோளில் சுமந்து வருகிறான். பொம்மைப் பன்றிக்கு எடை ஏது? அவனுடைய வளைந்த முதுகும், ஒவ்வொரு அடிக்கும் முன்பு வரும் தயக்கமும்தான் அந்த எடை.

இந்தப் பிவோய் வரும் படம் 1953இல் வெளிவந்த 'பழைய செக் கதைகள்'. இதற்கு இவ்வளவு நேரமும் பணமும் எங்கிருந்து கிடைத்தன என்பதற்கு அந்தக் கால அரசியலில் விடை இருக்கிறது. திரைத்துறை 1945 ஆகஸ்டிலேயே அரசுடைமையாகிவிட்டது. 1948இல் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகள் தங்களைச் செக் தேசத்தின் உயர்ந்த மரபுகளின் வாரிசுகளாகக் காட்ட விரும்பினார்கள். அமைச்சர் ஸ்டெனெக் நெயெட்லி இந்தக் கருத்தின் குரலாக இருந்தார். வரலாற்று நாவலாசிரியர் அலோயிஸ் யிராசெக்கின் நூல்களைப் பரப்ப அரசே இயக்கம் நடத்தியது. இயக்குநர் ஒட்டகார் வாவ்ரா யிராசெக்கின் படைப்புகளைக் கொண்டு, யான் ஹுஸைப் பின்பற்றியவர்கள் 15ஆம் நூற்றாண்டில் நடத்திய ஹஸ்ஸைட் போராட்டத்தைப் பற்றி மூன்று வண்ணப் படங்கள் எடுத்தார். மதச் சீர்திருத்தவாதியான ஹுஸ் அவற்றில் மக்கள் புரட்சியாளராகவே பெரிதும் தெரிகிறார். ஹுஸ், படைத்தலைவர் ஷிஷ்கா இருவராகவும் நடித்தவர் ஒரே நடிகர்.

திரின்கா எடுத்துக்கொண்டதும் யிராசெக்கைத்தான். ஏர் உழுதுகொண்டிருந்த ப்ரெமிசிலை இளவரசி லிபுஷே அழைத்து வரச் செய்து மணக்கிறாள். அவனிடமிருந்து அரச வம்சம் பிறக்கிறது. உழவன் மன்னனாகும் கதை ஆட்சியாளர்களுக்கும் இனித்திருக்கும். ஆனால் பொம்மையால் மேடைப் பேச்சு பேச முடியாது. உதடு அசையாத முகத்தை அண்மைக் காட்சியில் வைத்து முழக்கம் கேட்க வைப்பது கடினம். அது கைகளாலும் நடையாலும் மௌனத்தாலும்தான் பேசும். என்னைப் பொறுத்தவரை, அந்தக் கால வரலாற்றுப் படங்களில் இது இன்றும் மூச்சு விடுவதற்கு அந்த இயலாமையே பெரிய காரணம்.

அடுத்து, 1955இல், யாரோஸ்லாவ் ஹாஷெக்கின் நாவலில் வரும் படைவீரன் ஷ்வெய்க். யோசெஃப் லாடாவின் ஓவியங்களைத் தழுவிய பொம்மைகள், யான் வெரிக்கின் கதைசொல்லும் குரல். திட்டினாலும் சிறையில் தள்ளினாலும் ஷ்வெய்க்கின் முகத்தில் அதே வெள்ளந்தியான சிரிப்பு. அதன் பின்னால் இருப்பது முட்டாள்தனமா, தந்திரமா என்று அதிகாரிகளுக்குப் புலப்படுவதே இல்லை. மாறாத முகம் கொண்ட பொம்மைக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் எந்த இலக்கியத்திலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசிப் படம் 'கை', 1965. தன் பூச்செடிக்குப் பானை வனைந்துகொண்டு நிம்மதியாக இருக்கிறான் ஒரு கோமாளிப் பொம்மை. ராட்சதக் கை ஒன்று அறைக்குள் நுழைந்து, பானையை விட்டுவிட்டுத் தன் உருவத்தைச் சிலையாகச் செய்யச் சொல்கிறது. அது உண்மையான மனிதக் கை, கையுறை அணிந்தது. விரல்களை நீட்டி, மடக்கி, கொஞ்சி, மிரட்டுகிறது. பொம்மையின் முகமோ முதலில் இருந்தபடியே இருக்கிறது. அது நிமிரும்போதும் குனியும்போதும் அச்சமும் பிடிவாதமும் மாறி மாறி அதில் தெரிகின்றன. இறுதியில் பொம்மை இறக்க, கையே அதற்கு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்துகிறது. திரின்கா 1969 டிசம்பரில் காலமானார். அவர் மறைந்த சில மாதங்களில் இந்தப் படத்தின் பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் யாரும் அதைத் திரையிட முடியவில்லை.