நாலு புத்தி சொல்லி அனுப்புங்கள்

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை, பள்ளி ஆலோசகரான என் அறைக்குள் தள்ளாத குறையாக விட்டுச் சென்றார் வகுப்பாசிரியர். "முதல் பீரியடிலேயே தூங்குகிறான். நாலு புத்தி சொல்லி அனுப்புங்கள் மேடம்." இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணுவதை ஜூலையிலேயே நிறுத்திவிட்டேன்.

புத்தி சொல்ல நான் எதற்கு? வீட்டில் தாத்தா இருக்கிறார், காலை வழிபாட்டில் தலைமை ஆசிரியர் இருக்கிறார், தெருமுனையில் டீக்கடை இருக்கிறது. பாளையங்கோட்டையில் புத்திமதிக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. ஆலோசகரின் வேலை கேட்பது. அதுவும் சும்மா கேட்பதல்ல. இருபது நிமிடம் அவன் வாயே திறக்கவில்லை. மேசையில் கிடந்த காகிதத் துண்டை எடுத்துச் சுருட்டினான். முனையை நகத்தால் அழுத்தி மடித்து வைத்தான். பிறகு இன்னொன்று. அப்புறம்தான் சொன்னான்: அம்மா பீடி சுற்றுகிறார், அவருக்குக் கை மரத்துப்போகிறது, இரவு பதினொன்றரை வரை சுளகு இவன் மடியில். இதற்கு எந்தப் புத்தியைச் சொல்வது? அரை நாள் கூலியை விட்டுவிட்டு அம்மா வந்தார். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். (இருவரும் சம்மதித்த பிறகே, அடையாளம் மாற்றி எழுதுகிறேன்.)

அன்றைக்கே ஆசிரியர் ஒருவர் விடுப்பு என்று எட்டாம் வகுப்பையும் என் தலையில் கட்டினார்கள். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்கிறது. எனக்கு 1,200.

2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 அறிக்கையில் கைகளில் கட்டும் சாதிக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. பிள்ளைகள் வாசலிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். மணிக்கட்டில் வெயில் படாத வெளுத்த வளையம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதையும் பேசித்தான் ஆக வேண்டும். ஒரு நாளில் முடிகிற பேச்சல்ல.

ஆசிரியர்களே, என்னிடம் அனுப்புவதைத் தண்டனை ஆக்காதீர்கள். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி பெயர் சொல்லி அனுப்பாதீர்கள். "என்ன சொன்னான்?" என்று பிறகு விசாரிக்காதீர்கள். சொல்ல மாட்டேன். பாலியல் கொடுமை என்றால் மட்டும் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

பெற்றோரே, பள்ளியில் ஆலோசகர் இல்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. தயங்காமல் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று, கெஞ்சியே கேட்கிறேன்: என் அறைக் கதவு சாத்தியிருந்தால் தட்டிவிட்டுக் காத்திருங்கள், நாற்காலி எடுக்கத்தான் வந்தீர்கள் என்றாலும்.