கூட்டல் குறி எங்கே போனது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் திருவிழா என்றால் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குவது குறைந்துவிட்டது. உபயம், அன்னதானம், பால்குடம் எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப்பில் ஓர் இணையப் படிவம் சுற்றுகிறது. பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய காலத்தில் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் அங்கிருந்தே பெயர் பதிகிறார்கள். இப்படிச் சேரும் பட்டியல்களில் சில சமயம் ஒரு விநோதம் கண்ணில் படும். பெயரும் ஊரும் சரியாக இருக்கும். தொலைபேசி எண்ணின் முன்னால் இருக்க வேண்டிய கூட்டல் குறி மட்டும் இருக்காது. மலேசியாவின் +60, சிங்கப்பூரின் +65 என்று தொடங்க வேண்டிய எண்கள் ஒரு வெற்றிடத்தோடு தொடங்கும். தட்டச்சு செய்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குறியைத் தின்றது, படிவத்தைப் பிரித்துப் படித்த நிரல்.

‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும் உலாவி எல்லாக் கட்டங்களையும் ஒரே வரியாகக் கோத்துவிடுகிறது. கட்டத்தின் பெயருக்கும் நிரப்பியதற்கும் நடுவே சமக்குறி, ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே & குறி, வெற்றிடம் வரும் இடத்தில் கூட்டல் குறி. படிக்க வசதியாகத் தமிழிலேயே எழுதினால் அந்த வரி இப்படி இருக்கும்:

ஊர்=சுங்கை+சிப்புட்&ஆள்=4

சரி, நிரப்புகிறவரே & போட்டால்? உபயக்காரர் கட்டத்தில் ஒருவர் ‘அண்ணன் & தம்பி மளிகை’ என்று எழுதினால் கணினி அதைப் புதிய கட்டத்தின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். அதனால் இப்படிப்பட்ட குறிகளை உலாவி அப்படியே அனுப்புவதில்லை. சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக மாற்றி அனுப்புகிறது. அந்த இலக்கங்கள் பதினாறடிமான எண்கள். முதல் இலக்கத்தை 16ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் அந்தக் குறியின் ஆஸ்கி எண் கிடைக்கும். ஆஸ்கி என்பது ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் கொடுக்கும் பழைய அட்டவணை. %26 என்றால் 2×16+6, அதாவது 38; ஆஸ்கி அட்டவணையில் 38 என்பது &. மின்னஞ்சலில் வரும் @ 64ஆவது குறி என்பதால் %40 ஆகிறது. ஒன்பதுக்கு மேல் இலக்கம் இல்லாததால் 10 முதல் 15 வரை ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகள் வருகின்றன. நம் பெயர்களில் மகன், மகள் என்பதற்கு மலாய்ச் சுருக்கமாக ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று வரும் சாய்கோடு %2எஃப். கூட்டல் குறி %2பி. சதவீதக் குறிக்கும் இதே கதிதான், அது %25.

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் மற்ற இருவரும் 1994 டிசம்பரில் வெளியிட்ட, இணைய முகவரிகளை எழுதும் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 1738 என்ற ஆவணத்தில் இந்தச் சதவீத முறை இருக்கிறது. வெற்றிடத்துக்குக் கூட்டல் குறி போடுவது படிவங்களுக்கென்று வந்த தனி வழக்கம். இணைய முகவரியின் பாதைப் பகுதியில் கூட்டல் குறி வெறும் கூட்டல் குறிதான். அங்கே வெற்றிடம் %20. இந்தக் குறிகளை அவிழ்க்க, அதாவது பழைய வடிவுக்கே மாற்ற, பைத்தான் என்ற நிரல்மொழியில் ‘அன்குவோட்’, ‘அன்குவோட் பிளஸ்’ என்று இரண்டு கட்டளைகள் இருப்பதற்கும், பிஎச்பி என்ற நிரல்மொழியில் ‘யூஆர்எல்டிகோட்’, ‘ராயூஆர்எல்டிகோட்’ என்று இரண்டு இருப்பதற்கும் இதுவே காரணம். உலாவிகளுக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ‘டிகோட்யூஆர்ஐகம்போனன்ட்’ கூட்டல் குறியைத் தொடவே தொடாது. எது எதற்கு என்று பார்க்காமல் கைக்கு வந்ததை எடுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

காணாமல் போன குறிக்கு வருவோம். +60 என்று தட்டச்சு செய்தால் உலாவி ஒழுங்காக %2பி60 என்று அனுப்புகிறது. நிரல் முதலில் கூட்டல் குறிகளையெல்லாம் வெற்றிடமாக்கி, அதன் பிறகு சதவீதக் குறிகளை அவிழ்த்தால் +60 பத்திரமாக வந்து சேரும். வரிசையை மாற்றிப் பாருங்கள்: %2பி முதலில் கூட்டல் குறியாக அவிழ்கிறது, அடுத்த அடியே அதை வெற்றிடமாக்கிவிடுகிறது. அவ்வளவுதான், குறி போயிற்று. ஒருமுறை அவிழ்த்ததை இன்னொரு முறை அவிழ்த்தாலும் இதே கதிதான். பிஎச்பியில் படிவ மதிப்புகள் ஏற்கெனவே அவிழ்க்கப்பட்டே கைக்கு வருகின்றன. தெரியாமல் அதன் மேல் மறுபடியும் அவிழ்க்கும் கட்டளையைப் போடுவது வாடிக்கை. & குறிக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு: முழு வரியையும் & இருக்கும் இடங்களில் வெட்டிய பிறகுதான் ஒவ்வொரு துண்டையும் அவிழ்க்க வேண்டும். முதலிலேயே அவிழ்த்தால் அண்ணன் ஒரு கட்டத்திலும் தம்பி இன்னொரு கட்டத்திலும் போய் விழுவார்கள்.

தமிழுக்கு இன்னொரு படி இருக்கிறது. தமிழ் எழுத்துகள் ஆஸ்கியில் கிடையாது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறையில் ‘க’ என்ற ஒரே எழுத்து 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகளாகிறது; பைட்டு என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாகப் போகும். ஆக, ஓர் எழுத்துக்கு ஒன்பது இடம். ‘தைப்பூசம்’ நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் அதை மெய், உயிர்க்குறி, புள்ளி என்று பிரித்து ஒன்பதாக எண்ணும். கம்பியில் போகும்போது அது 81 இடங்களைப் பிடிக்கிறது.

இங்கே நிரல் எழுதுகிறவர் செய்ய வேண்டியது, அவிழ்த்த எண்களை உடனே எழுத்தாக்காமல் பைட்டுகளாகவே சேர்த்து வைத்து, கடைசியில் மொத்தமாக யூடிஎஃப்-8 என்று வாசிப்பது. ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாக்கினால், தலையில் கோடு போட்ட ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வரும் அந்தப் பழகிப்போன குப்பைதான் திரையில் விழும். 224உம் 174உம் பழைய ஐரோப்பிய எழுத்து அட்டவணையில் அந்த இரண்டு வடிவங்கள். நீளக் கட்டுப்பாடு வைக்கிறவர்களும் அவிழ்த்த பிறகே எண்ண வேண்டும். அவிழ்க்காத வரியை நூறாவது இடத்தில் நறுக்கினால் கத்தி ஓர் எழுத்தின் நடுவில் இறங்கும்.

உடைந்த வரியும் வரும். யாராவது கையாலேயே இணைப்பு எழுதி, அதில் ‘50% கழிவு’ என்று அப்படியே விட்டிருப்பார்கள். சதவீதக் குறிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருக்காது. பைத்தான் அதை உள்ளபடியே விட்டுவிட்டு மேலே போகும். ஜாவாஸ்கிரிப்ட் பிழை என்று நின்றுவிடும். அன்னதானப் பட்டியலுக்குப் பைத்தானின் தாராளம் போதும். காசு கட்டும் படிவமாக இருந்தால் நிற்பதுதான் நல்லது. அனுப்பியவரிடம் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம்.