கட்டிலுக்கடியில் ஒளிந்த நாய்க்குக் கயிறு வேண்டாம்

வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். காப்பகத்திலிருந்து ஒரு நாட்டு நாயைத் தத்தெடுத்து வந்தாராம். வந்த நாள் முதல் அது கட்டிலுக்கடியை விட்டு அசையவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கிறது. கறிச்சோறு வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காப்பகத்தில் நன்றாகத்தான் தின்றிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சியோ, "கண்ணேறு பட்டிருக்கிறது, கறுப்புக் கயிறு மந்திரித்துக் கட்டு" என்கிறாராம். அடிப்பவர் யாரும் இல்லாத வீட்டில் நாய் எதற்குப் பயப்படுகிறது என்பது வாசகியின் கேள்வி.

ஆச்சியின் கயிறு பெரும்பாலும் பலித்துவிடும். சில நாட்களில் அந்த நாய் தானாகவே தேறி வெளியே வரும், பெயர் கயிற்றுக்குப் போய்விடும். மூடநம்பிக்கைகள் பலவும் இப்படித்தான் பிழைத்துக்கிடக்கின்றன. கயிற்றைக் கட்டுவதற்காக நாயின் காலைப் பிடித்து வெளியே இழுப்பார்களே, எனக்கு அதுதான் கவலை.

பயந்த நாயின் மூளையில் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினலைத் தூண்டுகிறது. அது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறுகிறது. பள்ளிப் பாடம்தான், நமக்கும் நாய்க்கும் ஒரே ஏற்பாடு. பாடத்தில் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு: சி.ஆர்.எச். பசியையும் அடக்கும். கறிச்சோறு தோற்றுப்போனது அதனிடம்தான்.

என்னை மயக்குவது இதற்கு அடுத்த கட்டம். ஏறிய கார்ட்டிசால் ரத்தத்தோடு மூளைக்கே திரும்பிப் போகிறது. அங்கே ஹைப்போதலாமஸிலும் பிட்யூட்டரியிலும், ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியிலும் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பிகள் போதுமான அளவு நிரம்பியதும் 'நிறுத்து' என்ற செய்தி பிறக்கிறது, சுரப்பு குறைகிறது. மாடித் தொட்டி நிறைந்ததும் மிதவை எழும்பி மோட்டாரை அணைக்கிறதே, அதே கதை. அபாயத்தை அறிவித்த சரக்கே அபாய அறிவிப்பை அணைக்கவும் செய்கிறது! தனியாக ஒரு காவலாளி தேவைப்படவில்லை. ஆனால் பயம் வாரக்கணக்கில் நீண்டால் இந்த ஏற்பிகள் குறைந்துபோகின்றன என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். அப்போது எவ்வளவு கார்ட்டிசால் வந்தாலும் மூளைக்குப் போதும் என்று தோன்றுவதில்லை, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை நாயிடம் எப்படி அளப்பது? ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் அந்த ஊசியே கார்ட்டிசாலை ஏற்றிவிடும். நல்லவேளையாக, ஏறுவதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும்; அதற்குள் எடுத்துவிட்டால் ஊசிக்கு முந்தைய அளவு கிடைக்கும். இன்னும் அழகான வழி சிறுநீர். நாய் காலைத் தூக்கும்போது நீண்ட பிடியுள்ள கரண்டியை நீட்டிப் பிடித்தால் போதும். கடந்த சில மணி நேரத்தில் உடல் பட்ட பாடு முழுவதும் அதில் கணக்காகச் சேர்ந்திருக்கும். நிறையத் தண்ணீர் குடித்த நாயின் சிறுநீர் நீர்த்திருக்குமே என்றால், ஏறக்குறைய ஒரே சீராக வெளியேறும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவால் வகுத்துவிடுகிறார்கள்.

ஓஹையோவில் ஒரு காப்பகத்தை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வில், அடைபட்ட முதல் மூன்று நாட்களில் இருந்த நாய்களுக்குக் கார்ட்டிசால் மிக அதிகமாகவும், ஒரு வாரத்துக்கு மேல் இருந்தவற்றுக்குக் குறைவாகவும் இருந்தது. நம் வாசகியின் நாய்க்கும் விடை இதில் இருக்கிறது. காப்பகம் சுகமான இடம் அல்ல. நாய்கள் ஒன்றாகக் குரைத்தால் 100 டெசிபெலைத் தாண்டும். ஆனாலும் அது பழகிய இடம், சோறு வரும் நேரம் தெரிந்த இடம். வண்ணார்பேட்டை வீடு எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், மறுபடியும் முதல் நாள்தான்.

ஆனால் எல்லா நாயும் புது வீட்டில் இப்படி மிரளும் என்று இல்லை. 2019இல் அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரண்டு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று வெளியானது. வீட்டில் இருந்தபோது சராசரியாகக் கார்ட்டிசால் இறங்கியது, நாய்கள் நீண்ட நேரம் ஓய்வெடுத்தன. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறியது, அதைத் தாண்டவில்லை. 'ஆசை காட்டி மோசம் செய்யக் கூடாது' என்று நாயை இரவுக்கு மட்டும் வெளியே அனுப்ப மறுப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். தத்தெடுக்க முடியாதவர்கள் சனி, ஞாயிறு மட்டும் அழைத்து வந்தாலே அதற்கு ஓய்வு.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. 22ஆம் தேதி அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. இங்கே டீக்கடை வரை விவாதம் நடந்தது. கடிபட்டவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் கொட்டகையில் அடைத்த நாயின் உடலுக்குள் என்ன நடக்கும் என்று நான் கேட்ட விவாதங்களில் ஒருவரும் பேசவில்லை. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் தலையே வெளியிட்டோம். கன்னி, சிப்பிப்பாறை என்றால் நெஞ்சு நிமிர்கிறது. இனப்பெருமை இல்லாத தெருநாய்க்காக ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கரண்டியும் குப்பியுமாகக் கிளம்பினால், அதற்குப் பணம் ஒதுக்க அரசுக்கு மனம் வர வேண்டும். பெரிய கருவி எதுவும் கேட்கும் ஆராய்ச்சி அல்ல இது.

வாசகிக்கு: கட்டிலுக்கடியிலேயே தண்ணீரும் சோறும் வையுங்கள். காப்பகத்தில் கொடுத்த அதே உணவை, அதே நேரத்தில். குளிப்பாட்டுவதையும் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதையும் தள்ளிப்போடுங்கள். இரண்டு நாளைக்கு மேலும் ஒரு வாய்கூடத் தின்னவில்லை என்றாலோ, உடம்பு சுட்டாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ அது பயம் என்று விட்டுவிடாதீர்கள். உண்ணிக் காய்ச்சலும் முதலில் பசியைத்தான் எடுத்துவிடும். அதற்கு மருந்து இருக்கிறது.