கோட்டின் முனையில் ஒரு மண்மேடு: பழைய வரைபடத்தில் சுடுதளம் தேடுவது எப்படி

எடின்பரோ நகரத்துக்குள்ளேயே ஆர்தர்ஸ் சீட் என்று ஒரு குன்று இருக்கிறது, என்றைக்கோ அணைந்துபோன எரிமலை. அதற்கும் பக்கத்திலிருக்கும் சாலிஸ்பரி கிராக்ஸ் பாறைச் சரிவுக்கும் நடுவே ஹன்டர்ஸ் பாக் என்று ஒரு பள்ளம். இன்றைக்கு அங்கே நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களும் ஓடுபவர்களும்தான் கண்ணில் படுவார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டு வரைபடத்தில் அதே பள்ளத்தில் 'ரைஃபிள் ரேஞ்ச்' என்று அச்சடித்திருக்கும், அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் சுடுதளம். இரண்டு பக்கமும் மலை, சுட்ட குண்டு ஊருக்குள் போகாது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, விவரமான ஆள்.

இதைச் சென்னையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே பார்க்கலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து, இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தி, இலவசமாக வைத்திருக்கிறது. அடியில் ஒரு பட்டையை நகர்த்தினால் பழைய தாள் மெல்ல மறைந்து இன்றைய தெரு தெரியும். ஒரு தடவை தொட்டால் அப்புறம் அன்றைக்குத் தூக்கம் கிடையாது.

சரி, பழைய வரைபடத்தில் தேட எத்தனையோ இருக்க, ஏன் சுடுதளம்? தேவாலயம் அறுநூறு வருடமாக அதே இடத்தில் நிற்கும், அதைத் தேடுவதில் சுவாரஸ்யம் குறைவு. சுடுதளம் அப்படியில்லை, திடீரென்று முளைக்கும், ஒரு தலைமுறை இருக்கும், காணாமல் போகும். ஏன் முளைத்தது, ஏன் போனது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் துப்பாக்கியில்தான் இருக்கிறது.

பழைய மஸ்கெட் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழவென்றிருக்கும். நூறு கஜத்தைத் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்பது சுடுகிறவருக்கே தெரியாது. அதற்கு நீண்ட பயிற்சித் தளம் எதற்கு? குழலுக்குள் சுருள் சுருளாக மரை வெட்டிய 1853ஆம் வருட என்ஃபீல்டு ரைஃபிள் வந்ததும் கதை மாறியது. வெடிக்கும்போது அதன் குண்டின் அடிப்பாகம் விரிந்து மரையைக் கவ்விக்கொள்ளும், சுழன்றபடி வெளியே வரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோலச் சுழலும் குண்டும் தலை தடுமாறாமல் போகும். ஆனால் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 380 மீட்டர்தான், அதனால் தூரம் போகப் போக நிறையத் தாழும். அறுநூறு கஜத்தில் அடிக்க வேண்டுமென்றால் தூரத்தைச் சரியாகக் கணித்துக் துப்பாக்கி மேலிருக்கும் குறிபார்க்கும் கட்டையை உயர்த்தத் தெரிய வேண்டும். இது பழகினால்தான் வரும், பழக நீளமான இடம் வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்துப் பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வந்துவிடுவார் என்று பிரிட்டனில் ஒரு பீதி கிளம்பியது. 1859 மே மாதம் தொண்டர் படை திரட்ட அரசு அனுமதி கொடுத்தது. குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் வக்கீல்களும் சீருடை தைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். 1860 ஜூலையில் விம்பிள்டன் மைதானத்தில் நடந்த தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா ராணியே சுட்டுத் தொடங்கிவைத்தார். துப்பாக்கியை ஏற்கெனவே ஒரு தாங்கியில் பொருத்தி, 400 கஜத்தில் இருந்த இலக்குக்குக் குறிபார்த்து வைத்திருந்தார்கள், ராணி பட்டுக் கயிற்றை இழுத்தார், குண்டு நடுப்புள்ளிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றே தள்ளிப் பட்டது. படாமல் போயிருந்தால்தான் அதிசயம்!

படைகள் பல ஊர்களில் முளைத்ததும் சுடுதளங்களும் முளைத்தன. லிவர்பூலுக்கு வடக்கே கடலோரத்தில் 1860இல் தொடங்கிய ஆல்ட்கார் தளம் இன்றும் ராணுவத்தின் கையில் இருக்கிறது. மற்ற பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இனி வரைபடத்துக்கு வருவோம். சுடுதளத்தின் உடற்கூறு எளிமையானது, அதனால்தான் தாளில் பளிச்சென்று தெரிகிறது. ஒரு முனையில் குண்டைத் தாங்கும் மண்மேடு, ஆங்கிலத்தில் பட்ஸ் என்பார்கள். அதன் முன்னால் இலக்கு. ஆரம்பத்தில் ஆறடி உயரம், இரண்டடி அகலத்தில் இரும்புப் பலகைகள்தான். குண்டு பட்ட இடத்தைப் பார்த்துக் கொடி காட்ட ஓர் ஆள் பக்கத்திலேயே மறைவிடத்தில் இருப்பார். நிஜமாகவே குறி சொல்லிப் பிழைத்தவர். அவர் ஒளிந்துகொண்ட தடுப்புக்கு மான்ட்லெட் என்று பெயர். அங்கிருந்து பின்னால் நூறு கஜத்துக்கு ஒரு சுடும் இடம் என்று நேர்கோட்டில் போகும். வயலும் ஓடையும் வளைந்து வளைந்து கிடக்கிற நிலத்தில், எதையும் சட்டை செய்யாமல் போகும் ஒரு நேர்கோட்டைப் பார்த்தால் அது ரயில் பாதையாகவோ சுடுதளமாகவோ இருக்கலாம்.

ஆர்ட்னன்ஸ் சர்வேயில் மைலுக்கு 25 அங்குலம், மைலுக்கு 6 அங்குலம் என்று இரண்டு வரிசைகள் இதற்கு முக்கியம். பெரிய வரிசையில் நூறு கஜம் என்பது தாளில் மூன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், சின்னதில் ஒன்பது மில்லிமீட்டர்கூட இல்லை. பெரியதில் 'டார்கெட்' (இலக்கு), 'மான்ட்லெட்', 'ஃபிளாக்ஸ்டாஃப்' (கொடிக்கம்பம்) என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதியிருப்பார்கள், நூறு கஜ இடைவெளிகளைக்கூடக் குறித்திருப்பார்கள். இத்தனை கறார் எதற்கு என்றால், அந்த நிறுவனத்தின் பிறப்பே பீரங்கித் துறையில்தான். 'ஆர்ட்னன்ஸ்' என்ற சொல்லுக்கே பீரங்கித் தளவாடம் என்று பொருள். 1791இல் தொடங்கியது. அதற்கு முன்னால் 1784இல் வில்லியம் ராய் என்ற ராணுவ அதிகாரி லண்டனுக்கு வெளியே ஹவுன்ஸ்லோ சமவெளியில் ஓர் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான ஒரு நேர்கோட்டை, அளந்து வைத்தார், அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்க அளந்தார்கள். இதே முறையைத்தான் 1802இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி நம் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவில் தொடங்கினார்.

தாளின் ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்காமல் எதையும் நம்பாதீர்கள். அளந்த வருடம், திருத்திய வருடம், அச்சிட்ட வருடம் மூன்றும் வேறு வேறு. 1897 என்று அச்சிட்ட தாளை 1895இல் திருத்தியிருந்தால் அது 1895இன் சாட்சி மட்டும்தான். ஒரு தளம் 1868 தாளில் இல்லை, 1895 தாளில் இருக்கிறது, 1912 தாளில் 'ஓல்டு ரைஃபிள் ரேஞ்ச்' என்று இருக்கிறது என்று வையுங்கள். பிறந்ததும் செத்ததும் எந்தெந்த இடைவெளியில் என்று தெரிந்துவிட்டது. இரண்டு தாளுக்கு நடுவே வந்து போன தளம் சிக்காது, அதற்கு உள்ளூர்ப் பழைய செய்தித்தாள்தான் கதி.

தாளை இன்றைய பூமியில் எப்படிப் பொருத்துகிறார்கள்? பழையதிலும் புதியதிலும் மாறாத புள்ளிகளைத் தேடுவார்கள்: தேவாலயக் கோபுரம், ரயில் பாலம், சாலைச் சந்திப்பு. அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று விழும்படி கணினி படத்தைத் திருப்பும், இழுக்கும், சற்றே வளைக்கும். முழுக்கத் துல்லியம் கிடைக்காது. காகிதம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும், போதாக்குறைக்குப் பழைய வரிசையில் கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) பலவற்றுக்குத் தனித்தனி மையக்கோடு, அதனால் எல்லையில் இரண்டு தாள்கள் சரியாக ஒட்டாது. சில மீட்டர் பிசகு இருக்கும் என்று எண்ணிக்கொண்டே பாருங்கள்.

தளங்களைக் கொன்றதும் துப்பாக்கிதான். 1888இல் லீ மெட்ஃபோர்டு ரைஃபிள் வந்தது, கொஞ்ச நாளில் புகையில்லா வெடிமருந்தும் சேர்ந்தது. குண்டு சின்னது, வேகம் வினாடிக்குச் சுமார் 600 மீட்டர், மேட்டைத் தாண்டிவிட்டால் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் போகக்கூடியது. என்ஃபீல்டுக்காகக் கட்டிய மேட்டுக்குப் பின்னால் இப்போது ஒரு பண்ணையும் நாலு வீடும் ஆபத்து எல்லைக்குள் வந்துவிட்டன. நகரமும் வளர்ந்துகொண்டிருந்தது. விம்பிள்டன் போட்டியே 1890இல் பிஸ்லி என்ற ஊருக்கு இடம் மாறியது, சின்ன ஊர்த் தளங்கள் எம்மாத்திரம்?

தப்பித்த மேடுகளும் உண்டு. லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் கரையில் ரெயினம் சதுப்புநிலம் நூறு வருடத்துக்குமேல் பொதுமக்கள் போக முடியாத இடமாக இருந்தது, ராணுவம் அங்கே சுட்டுப் பழகியது. 2006இல் பறவைச் சரணாலயமாகத் திறந்தார்கள். பறவை பார்க்க உட்காரும் மறைவிடங்களில் ஒன்றுக்கு இன்றும் 'ஷூட்டிங் பட்ஸ்' என்றுதான் பெயர். யாரும் நுழையாததால் வீடு வரவில்லை, தொழிற்சாலை வரவில்லை, கொக்கும் நாரையும் பிழைத்துக்கொண்டன.

பெயரை மட்டும் நம்பி ஏமாந்துவிடாதீர்கள். ஊருக்குள் 'பட்ஸ்' என்று தெரு இருந்தால் அது ரைஃபிளுக்கு முந்தைய வில்வித்தைத் திடலாக இருக்கலாம், 1363இலேயே இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு ஆண்களெல்லாம் வில் பழக வேண்டும் என்று ஆணை போட்டவர். அதுவுமில்லாமல் வயல் பெயரில் வரும் 'பட்ஸ்' பெரும்பாலும் எல்லையில் முட்டி நிற்கும் குட்டை உழவுப் பட்டையைத்தான் குறிக்கும். சந்தேகம் வந்தால் லைடார் படத்தைப் பாருங்கள். விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பும் நேரத்தை வைத்து நிலத்தின் உயரத்தைக் கணக்கிடுவது அது. இலைகளுக்கு நடுவே புகுந்து தரையைத் தொட்ட துடிப்புகளை மட்டும் பிரித்தெடுத்தால் காடு மறைந்து வெறும் மண் தெரியும். முள்புதருக்குள் கிடக்கும் மேடும், நூறு கஜத்துக்கு ஒன்றாகக் கட்டிய தாழ்வான சுடுமேடைகளும் நிழல் விழுந்ததுபோல எழுந்து நிற்கும்.

நேரில் போகிறவர்கள் நில உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மேட்டைத் தோண்டாதீர்கள். அதற்குள் இருப்பது ஈயம், மண்ணில் கலந்து கிடக்கும். பிற்காலத்தில் ராணுவம் பயன்படுத்திய தளம் என்றால் வெடிக்காத சாமானும் இருக்கலாம்.