‘ஒற்றை வீரர்’ அல்ல, தனியாள்

கணினி கேம்களில் வரும் ‘சோலோ’வுக்கு ‘ஒற்றை வீரர்’ என்ற மொழிபெயர்ப்பு இப்போது பொறுக்கிற அளவைத் தாண்டிவிட்டது. வெள்ளவத்தையில் பதிவான காணொளி என்றாலும் சரி, சென்னையில் பதிவானது என்றாலும் சரி, ‘பால்டர்ஸ் கேட்டை ஒற்றை வீரராக முடிப்பது எப்படி’ என்ற பாணியில்தான் தலைப்பு. பால்டர்ஸ் கேட் என்பது பாத்திரங்களைக் கூட்டிக்கொண்டு கதைக்குள் போகிற கணினி கேம். அதை அநேகம் பேர் ஒற்றை வீரராகத்தானே முடிக்கிறார்கள்? கணினி ஒன்று, மௌஸ் ஒன்று, அதைப் பிடிக்கிற ஆளும் ஒன்று. சொல்ல வந்தது அதுவல்ல. ஆறு பேர் போவதற்கென்று அமைத்த கேமை, ஐந்து இடத்தையும் காலியாக விட்டு, ஒரே ஒரு பாத்திரத்தைக் கொண்டு முடிப்பதைத்தான் சோலோ என்கிறார்கள்.

வேர்க்கதை சின்னது. லத்தீனில் ‘சோலுஸ்’ என்றால் தனித்த என்று பொருள். அது இத்தாலியனில் ‘சோலோ’ ஆகி, இசைச் சொல்லாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து எல்லாவற்றுக்கும் பரவியது. இசையில் நமக்கு அதற்கு நிகர் ஏற்கெனவே உண்டு. கச்சேரியில் பாட்டும் வயலினும் ஓய்ந்து மிருதங்கம் மட்டும் எழும்போது அதைத் ‘தனி’ என்கிறோம், விரித்தால் தனி ஆவர்த்தனம். ‘ஒற்றை ஆவர்த்தனம்’ என்று எவரும் சொன்னதில்லை. கேமில் சேர்ந்து போகிற பாத்திரங்களைக் குறிக்கிற ‘பார்ட்டி’யும் லத்தீன்தான், பங்கிடுதல் என்ற வினையிலிருந்து வந்தது. ஒரு பக்கம் சேர்ந்தவர்கள், ஒரு வேலைக்கென்று பிரித்து அனுப்பப்பட்டவர்கள் என்று பொருள் விரிந்தது. 1974இல் வந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்கிற, மேசையில் ஆடும் பாத்திர விளையாட்டு போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அந்தப் படைத்துறை வாடையோடுதான் ‘பார்ட்டி’ கேமுக்குள் நுழைந்தது.

இயந்திர மொழிபெயர்ப்பு இதைக் ‘கட்சி’ ஆக்குகிறது. பால்டர்ஸ் கேட்டில் ஆட்கள் சிதறி நிற்கும்போது வேறு இடத்துக்குப் போகப் பார்த்தால், முதலில் எல்லோரையும் ஒன்றுசேர் என்று ஒரு குரல் சொல்லும். ‘புறப்படுமுன் உங்கள் கட்சியைத் திரட்டுங்கள்’ என்று போட்டால் மே தினக் கூட்டத்துக்கு பஸ் பிடிக்கச் சொல்வதுபோல் இருக்கும். அதே இயந்திரம் ‘கேரக்டர்’ என்கிற பாத்திரத்தை ‘எழுத்து’ என்கிறது, சோலோ பாத்திரத்தைத் ‘தனி எழுத்து’ என்கிறது. இதைச் சிரித்துவிட்டுக் கடக்கலாம், வாசிக்கிற யாரும் ஏமாறப்போவதில்லை. பார்ட்டிக்குக் ‘குழு’ போதும். குழுவில் சேருகிறவர்களுக்கு எங்கள் இலங்கைப் பேச்சில் ‘கூட்டாளி’ என்ற சொல் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது கள்ள வேலைக்குத் துணை போகிறவனைக் குறிக்கும், இங்கே அது சிநேகிதன். கேமில் வருகிற கள்ளர்களையும் மந்திரவாதிகளையும் பார்த்தால் இரண்டு பொருளும் பொருந்தும்.

‘ஒற்றை வீரர்’ அப்படியல்ல. தமிழாகவே ஒலிக்கிறது, பிழை வெளியே தெரிவதில்லை. முதலாவது, அது எண்ணுவது வேறு எதையோ. ‘சிங்கிள் பிளேயர்’ என்பது கணினிக்கு வெளியே இருக்கிற மனிதர்களின் கணக்கு, ‘சோலோ’ என்பது திரைக்குள் நடக்கிற பாத்திரங்களின் கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதில்லை. 1998இல் வந்த முதலாம் பால்டர்ஸ் கேட்டில் ‘மல்ட்டி பிளேயர்’ பகுதிக்குள் தனியே போய், ஆறு பாத்திரங்களையும் தானே உருவாக்கி விளையாடுகிற பழக்கம் இன்றும் இருக்கிறது. அங்கே ஆள் ஒன்று, பகுதி பலருக்குரியது, பாத்திரம் ஆறு. ‘ஒற்றை வீரர்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

இலங்கையில் பௌதிகம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘மாஸ்’ திணிவு, ‘வெயிட்’ நிறை என்று இங்கே படித்துவிட்டுத் தமிழ்நாட்டுப் புத்தகத்தைத் திறந்தால், அங்கே மாஸ்தான் நிறை. ஆனாலும் இரண்டு ஊரிலும் இரண்டுக்கும் இரண்டு சொல் இருக்கின்றன, கணக்குப் பிழைப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால்தான் பிழைக்கும். கேம் விளக்கங்களில் இப்போது நடப்பது அதுதான்.

பிழைக்கிற விதத்தைப் பாருங்கள். ‘ஒற்றை வீரருக்கு அனுபவப் புள்ளிகள் முழுதாகக் கிடைக்கும்’ என்று ஒரு குறிப்பு சொல்கிறது என்று வையுங்கள். அனுபவப் புள்ளி சேரச் சேரப் பாத்திரம் நிலைக்கு நிலை ஏறும். முதலாம் பால்டர்ஸ் கேட்டில் ஓர் எதிரியைக் கொன்றால் வருகிற புள்ளிகள் குழுவில் இருப்பவர்களுக்குச் சமமாகப் பிரியும். பார்வையாலேயே கல்லாக்குகிற பெரிய பஸிலிஸ்க் ஒன்றின் விலை 7,000 புள்ளி. ஆறு பேர் என்றால் தலைக்கு 1,166. பாத்திர வகைகளில் (‘கிளாஸ்’) ஒன்றான போர்வீரர் வகுப்புக்கு இரண்டாம் நிலைக்கே 2,000 வேண்டும், ஆகவே புதிய குழுவில் ஒருவரும் ஒரு படி ஏறுவதில்லை. தனியே போனவருக்கு 7,000மும் வருகிறது. மூன்றாம் நிலைக்கு 4,000, நான்காம் நிலைக்கு 8,000. முதல் நிலையில் நின்றவர் ஒரே அடியில் மூன்றில் நிற்பார். குறிப்பு சொல்ல வந்தது இதைத்தான். சிங்கிள் பிளேயர் என்று அதை வாசித்தவரோ ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு போய், புள்ளி ஏன் ஏறவில்லை என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த முன்னிலையும் ஓர் எல்லை வரைதான். விரிவாக்கம் சேர்க்காத முதலாம் கேமில் ஒரு பாத்திரத்தின் உச்சவரம்பு 89,000 புள்ளி. போர்வீரருக்கு ஏழாம் நிலை 64,000இலும் எட்டாம் நிலை 125,000இலும் வருவதால், தனியே போனவர் ஏழில் ஏறி அங்கேயே நின்றுவிடுவார், பிறகு கொல்வதெல்லாம் கணக்கில் சேராது. 2023இல் வந்த மூன்றாம் பால்டர்ஸ் கேட்டில் கதையே மாறிவிட்டது. நான்கு பேர் குழுவில் ஒவ்வொருவருக்கும் முழுப் புள்ளியும் கிடைக்கிறது, பிரிப்பதே இல்லை. தனியே போவதால் ஒரு புள்ளியும் கூடுவதில்லை, சண்டை முறை வைத்து நடப்பதால் எதிரிகள் முறைமாறி முறை அடிக்க நமக்கு ஒரே ஒரு முறைதான். ஆகவே ‘முழுதாகக் கிடைக்கும்’ என்ற வாக்கியம் எந்தக் கேமைப் பற்றியது என்பதும் முக்கியம். அதைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் ‘ஒற்றை வீரர்’ என்றும் எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

இரண்டாவது, ‘ஒற்றை’ என்ற சொல்லே இங்கே ஒட்டாது. ஒற்றைச் செருப்பு, ஒற்றைப் பனை, ஒற்றைத் தலைவலி எல்லாம் எண்ணிக்கையோடு முடிகின்றன. சோடி எங்கே போனது, ஏன் போனது என்பது அந்தச் சொல்லில் இல்லை. ‘தனி’யில் பிரிவு இருக்கிறது. தனிக்குடித்தனம் என்றவுடன் விட்டு வந்த கூட்டுக்குடும்பம் ஒன்று பின்னால் தெரிகிறது. சோலோவும் அதுவேதான். முதலாம் பால்டர்ஸ் கேட்டின் தொடக்கத்திலேயே இமொவென் என்கிற சிறுபிள்ளைச் சிநேகிதி கூட வருகிறேன் என்பாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டு நடக்கவேண்டும். திரையின் வலது ஓரத்தில் ஆறு முகத்துக்கு இடம், ஒரு முகம்தான் இருக்கும். அந்த ஐந்து வெற்றிடமும் சொல்லுக்குள் வரவேண்டும்.

அந்த வெற்றிடத்தின் விலை முதல் பேயுடலோடு (ஆங்கிலத்தில் ‘கூல்’) சண்டை வந்தவுடன் தெரியும். அதன் நகம் பட்டு உடல் மரத்துப்போனால், அந்த நேரத்தில் விழுகிற அடி ஒன்றும் தவறாது. குழுவில் மற்ற ஐந்து பேர் நடுவே புகுந்து தடுப்பார்கள். தனியே போனவருக்கு அத்தோடு சரி, பழைய சேமிப்பைத் திறக்கவேண்டியதுதான். பொறி கண்டுபிடிக்கிறவர் இல்லை, காயம் ஆற்றுகிறவர் இல்லை, பொதி சுமக்கிறவர் இல்லை. பஸிலிஸ்கிடம் போவதென்றால் கல்லாகாமல் காக்கும் முதல்நிலை மந்திரத்தையோ அதற்கான சுருளையோ வைத்திருக்கவேண்டும். அதன் நேரம் முடிகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருக்கவும் வேண்டும். குழுவோடு போனாலும் கதாநாயகர் கல்லானால் ஆட்டம் முடிவுதான், ஆனால் அவரைப் பின்வரிசையில் நிறுத்தலாம். தனியாளுக்குப் பின்வரிசை ஏது?

மூன்றாவது, ‘வீரர்’. விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் ஆடுகிறவரெல்லாம் வீரர் என்பதால் பிளேயர் எங்கு வந்தாலும் வீரர் ஆகிவிட்டார். இந்த வகைக் கேமில் ‘போர்வீரர்’ என்று தனி வகுப்பே இருக்கிறது. மந்திரவாதியைக் கொண்டு தனியே ஆடுகிறவரை ‘ஒற்றை வீரர்’ என்றால் வகுப்புப் பிழையும் சேர்ந்துகொள்ளும். ‘சோலோ ரன்’ ‘ஒற்றை ஓட்டம்’ ஆவதைப் பற்றி நான் பேசவே வரவில்லை. கொழும்பு எஸ்.எஸ்.சி. கிரிக்கெட் மைதானத்தில் பந்தைத் தட்டிவிட்டு ஓடி எடுப்பது அது.

‘தனிநபர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பிரிவு என்ற பொருள் அதில் கொஞ்சம் வருகிறது என்றாலும், தனிநபர் வருமானம், தனிநபர் பிரேரணை என்று அது திணைக்களத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட சொல். தூய தமிழ்ப் பக்கத்திலிருந்து, பழைய புறப்பொருள் இலக்கணத்தில் வரும் தும்பைத் திணையின் எருமைமறத்தை நினைப்பவர்களும் இருக்கலாம். படை உடைந்தபின் ஒருவனாக நின்று எதிரியைத் தாங்குகிற துறை அது. அழகான சொல்தான், ஆனால் அங்கே படை இருந்து உடைந்தது. இங்கே படையே கூட்டவில்லை.

என் தெரிவு ‘தனியாள்’. ‘தனி ஆளாக நின்று சமாளித்தான்’ என்று எல்லா ஊர்த் தமிழரும் சொல்வதுதான், புதிதாக ஆக்கிய சொல்லல்ல. ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும், வீரருக்கும் மந்திரவாதிக்கும் பொருந்தும். சோலோ பாத்திரம் தனியாள், சோலோ ரன் தனியாள் ஆட்டம், சிங்கிள் பிளேயர் ஒருவர் ஆடும் கேம். 2015இல் வந்த பில்லர்ஸ் ஒஃப் எட்டர்னிட்டியில் கடும் நிலையில், ஒரே சேமிப்போடு, கூட்டாளி இல்லாமல் முடிப்பவருக்கு ஒரு விருது உண்டு. அதன் பெயரிலேயே சோலோ இருக்கிறது. அதைத் தமிழாக்க வந்தால் ‘தனியாள்’ அப்படியே உட்காரும்.

‘தனியன்’ ஏன் கூடாது என்று கேட்பீர்கள். கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஊருக்குள் வருகிற ஆண் யானையைத் தனியன் என்பது இங்கே பத்திரிகை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதை இன்னோர் இடத்துக்கு வைத்திருக்கிறேன். 2017இல் வந்த டிவினிட்டி ஒரிஜினல் சின் 2இல் ‘லோன் வூல்ஃப்’ என்று ஒரு திறன் இருக்கிறது. அதைத் ‘தனி ஓநாய்’ என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் தனித்துத் திரிகிறதற்குப் பெயர்போனது யானை, ஓநாய் இந்தத் தீவில் இல்லவும் இல்லை. அந்தத் திறனுக்குத் ‘தனியன்’ என்று வைக்கலாம். குழுவில் இரண்டு பேர் இருந்தாலும் அது வேலை செய்யும், ஒரு முறைக்குள் செய்யக்கூடிய வேலைப் புள்ளியைக் கூட்டித் தரும். ஆகவே தனியன் திறன் எடுத்தவர் எல்லோரும் தனியாள் அல்ல. இந்த வேறுபாட்டை ஒரே சொல்லால் எழுதிப்பார்த்தால் தெரியும்.

மந்திரத்தால் அழைத்த எலும்புக்கூடுகளும் ஓநாய்களும் உதவிக்கு நின்றால் தனியாள் ஆட்டமா என்று அடிக்கடி விவாதம் வருகிறது. வலது ஓரத்தில் தன் முகத்துக்கு இடம் பிடிக்காத எதுவும் குழுவில் சேர்த்தியில்லை. தாராளமாக அழைக்கலாம்.